புதிதாக வந்த காக்டீல் தலையைக் குனிந்தது, தடவப் போனேன், கடித்துவிட்டது. எதைத் தவறாகப் புரிந்துகொண்டேன்?

தூறல் எழுதியது:

எங்கள் வீட்டுக்கு ஒரு காக்டீல் (கொண்டையுள்ள சிறிய கிளி வகை) வந்து இன்றோடு 11 நாள். வயது நான்கு மாதம். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம், கன்னத்தில் மட்டும் மங்கலாக ஒரு ஆரஞ்சு வட்டம். அதைப் பார்த்துத்தான் என் மகள் 'பொட்டு' என்று பெயர் வைத்தாள். அவளுக்கு 9 வயது. இதற்கு முன்னால் நாய் வளர்த்திருக்கிறோம். நாய் காதை மடக்கினாலோ வாலைத் தாழ்த்தினாலோ யாரும் சொல்லித் தராமலே புரிந்தது. பொட்டு என்ன சொல்கிறது என்று எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அதனால் பார்ப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அதிலிருந்து கொஞ்சம் இங்கே தருகிறேன்.

முதல் மூன்று நாள் கூண்டின் பின்மூலையில் அசையாமல் நின்றது. உடம்பை ஒடுக்கி, குச்சி மாதிரி மெலிந்து தெரிந்தது. கொண்டை செங்குத்தாக நின்றது. நாங்கள் அறையில் இருக்கும்வரை ஒரு தானியத்தைக்கூடத் தொடவில்லை. வெளியே வந்து கதவிடுக்கில் பார்த்தால் அவசர அவசரமாகச் சாப்பிடும். நான்காம் நாளிலிருந்து நாங்கள் இருக்கும்போதே சாப்பிடுகிறது.

ஆறாம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக் கையை உள்ளே விட்டேன். வாயைத் திறந்துகொண்டு, இடமும் வலமுமாக ஆடி, பாம்பு மாதிரிச் சீறியது. நான் பயந்து கையை இழுத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் இரவு 2 மணி இருக்கும். கூண்டுக்குள் படபடவென்று மோதுகிற சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டேன். பொட்டு தரையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது, வால் இறகு ஒன்று கழன்று கிடந்தது. ரத்தம் எதுவும் இல்லை.

நேற்றுதான் கடி. கூண்டுக் கதவு திறந்திருந்தது, பொட்டு கதவருகே உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்தில் போனதும் தலையைக் குனிந்தது. காக்டீல் தலையைக் குனிந்தால் தடவிக் கொடுக்கச் சொல்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். மகிழ்ச்சியோடு விரலை நீட்டினேன். ஒரே கடி, தோல் கிழிந்துவிட்டது. வலியைவிட, இவ்வளவு தப்பாகப் புரிந்துகொண்டேனே என்பதுதான் மனதில் நிற்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். தூங்கப் போகும் நேரத்தில் அலகிலிருந்து 'கிரக் கிரக்' என்று பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. ஏதாவது வலியா? அப்புறம், ஒற்றைக் காலில் நிற்கிறது. காலில் அடி பட்டிருக்குமோ?

மகள் பொட்டைத் தோளில் வைத்துக்கொள்ள ஆசையாகக் காத்திருக்கிறாள். அவளை எவ்வளவு நாள் பொறுக்கச் சொல்வது என்றும் தெரியவில்லை.


தினைக்கதிர் எழுதியது:

கடைசி இரண்டு சந்தேகங்களுக்கும் நல்ல செய்தி சொல்கிறேன். அந்தக் 'கிரக் கிரக்' சத்தம் மேல் அலகையும் கீழ் அலகையும் ஒன்றோடொன்று உரசுவது. மனம் நிதானப்பட்டு, தூக்கம் வரும்போதுதான் செய்யும். என் வீட்டில் இருக்கும் இரண்டும் விளக்கணைத்த ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கும் தூக்கம் வரும்.

ஒற்றைக் காலும் அப்படித்தான். ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்து வைத்துக்கொண்டால் ஓய்வெடுக்கிறது என்று பொருள். பயந்த பறவை இரண்டு காலையும் ஊன்றித்தான் நிற்கும், சட்டென்று பறக்க வேண்டுமே. கால் மாற்றி மாற்றித் தூக்குகிறதா என்று மட்டும் பாருங்கள். எப்போதும் ஒரே காலையே தூக்கி வைத்து, நடக்கும்போது அதை ஊன்றத் தயங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

11 நாளில் உங்கள் முன்னால் அலகை உரசுகிறது, ஒற்றைக் காலில் நிற்கிறது என்றால் நன்றாகவே பழகி வருகிறது. கடியைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லட்டும்.


பறவைப்பிரியன் எழுதியது:

சீறுவதற்கெல்லாம் கையை இழுத்துக்கொண்டால் அப்புறம் எப்போதும் அதுதான் ஆளும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிடியுங்கள். திமிறும், கத்தும், விடக் கூடாது. பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். நான்கைந்து நாள் இப்படிச் செய்தால் கைக்குப் பழகிவிடும். நான் அப்படித்தான் பழக்கினேன்.


நீலச்சிறகு எழுதியது:

தூறல், தயவுசெய்து கையுறை யோசனையை விட்டுவிடுங்கள். பறவைப்பிரியன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், தெரிகிறது. ஆனால் பத்து நிமிடத்தில் நடப்பது பழக்கம் இல்லை. கிளிகள் இரையாகப் பிடிபடும் உயிரினம். பிடித்து வைத்து, தப்பிக்க வழியே இல்லை என்று தெரிந்தால் ஒரு கட்டத்தில் போராடுவதை நிறுத்திவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சாந்தமாக இருப்பது போலத் தெரியும். உள்ளே பயம் அப்படியேதான் இருக்கும். 'வேண்டாம்' என்று சொன்னால் பலன் இல்லை என்று மட்டும் அது கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு சீறாது, கொண்டையை மடக்காது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நேராகக் கடிக்கும். சீறுகிற பறவை உங்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சை வாயடைக்க வைக்காதீர்கள்.

நான் 14 வருடமாகக் காக்டீல் வளர்க்கிறேன். இப்போது என்னிடம் நான்கு இருக்கின்றன. முதலில் கொண்டையிலிருந்து தொடங்குகிறேன். காக்டீல் கொக்காட்டூ என்ற கொண்டைக்கிளிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதனால்தான் இதற்கு அசைக்கக்கூடிய கொண்டை. நமக்கு அது பெரிய வரம். கொண்டை செங்குத்தாக, உடம்பும் ஒடுங்கி இருந்தால் பயம் அல்லது திடுக்கிடல். முதல் மூன்று நாள் நீங்கள் பார்த்தது அதுதான். அதே செங்குத்துக் கொண்டை, ஆனால் உடம்பு தளர்வாக, கழுத்து முன்னால் நீண்டு இருந்தால் ஆர்வம். புதிதாக ஒரு பொம்மையைக் காட்டிப் பாருங்கள், அப்படித்தான் நிற்கும். கொண்டை பாதி சாய்ந்து, நுனி மட்டும் மேல்நோக்கி லேசாக வளைந்திருந்தால் இயல்பாக இருக்கிறது. கொண்டையைத் தலையோடு ஒட்ட மடக்கி, நுனிகூடத் தூக்காமல் வைத்திருந்தால் விலகி நில்லுங்கள். அது கோபமாகவும் இருக்கலாம், பயத்தால் வந்த எதிர்ப்பாகவும் இருக்கலாம். இரண்டிலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

ஆனால் கொண்டையை மட்டும் வைத்து முடிவு செய்தால் மறுபடியும் விரல் கிழியும். செங்குத்துக் கொண்டைக்கே இரண்டு பொருள் இருக்கிறதே. உடம்பு முழுவதையும், அந்த நேரத்தில் அறையில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

குனிந்த தலைக்கும் இரண்டு பொருள் உண்டு. தடவச் சொல்லும்போது தலையைக் குனிந்து, பிடரியை உங்கள் பக்கம் காட்டும். பிடரி இறகுகள் குத்திட்டுப் பஞ்சு போல விரிந்திருக்கும், கன்னத்து இறகு உப்பி அலகைப் பாதி மூடியிருக்கும், கண் சொக்கியிருக்கும். எதிர்க்கும்போதும் தலை தாழும். ஆனால் அலகு உங்களை நோக்கி முன்னால் நீட்டியிருக்கும், இறகெல்லாம் உடம்போடு படிந்திருக்கும், கொண்டை மடங்கியிருக்கும், கண் முழுதாகத் திறந்திருக்கும். ஒன்றில் பிடரியைக் கொடுக்கிறது, மற்றதில் அலகைக் காட்டுகிறது. வீட்டுக்கு வந்து பத்தே நாளான பறவை, கையையே ஏற்காத பறவை, பிடரியைக் கொடுப்பது மிக அரிது. உங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன்.

ஆறாம் நாள் பார்த்த ஆட்டமும் சீறலும் இதே வகைதான். காக்டீல் காட்டில் மரப்பொந்தில் கூடு வைக்கும். பொந்துக்குள் ஏதாவது எட்டிப் பார்த்தால் குஞ்சுகள் இப்படித்தான் ஆடி ஆடிச் சீறும். உங்கள் கையும் ஒரு மூடிய இடத்துக்குள், வாசல் வழியாக வந்தது. பொட்டுக்குத் தெரிந்த வழியில் அது தன்னைக் காத்துக்கொண்டது.

ஒன்று கேட்கிறேன். கடித்த அன்று கொண்டை எப்படி இருந்தது? விரல் எந்தப் பக்கமிருந்து போனது? மேலிருந்தா?


தூறல் எழுதியது:

நீலச்சிறகு, இதைப் படித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன், கொண்டை எப்படி இருந்தது என்று எனக்கு நினைவே வரவில்லை. அப்போதுதான் மகள் சொன்னாள், 'அம்மா, நான் வீடியோ எடுத்தேனே' என்று. பொட்டு முதல்முறை தடவிக்கொள்ளப் போகிறது என்று நினைத்துத்தான் எடுத்திருக்கிறாள்.

இருவரும் வேகத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். மொத்தமே 7 விநாடி. என் கை படத்துக்குள் வருவதற்கு முன்னால் பொட்டின் கொண்டை பாதி சாய்ந்து இயல்பாக இருக்கிறது. நான் ஓர் அடி எடுத்து வைக்கிறேன், கொண்டை செங்குத்தாகிறது. கை தெரிகிறது, உடம்பைப் பின்னால் சாய்த்து ஓரடி நகர்கிறது. கை இன்னும் கிட்டே வருகிறது, கொண்டை சட்டென்று மடங்கித் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. அப்போதுதான் தலை குனிகிறது. நீங்கள் சொன்ன மாதிரியே அலகு என் பக்கம். அலகு லேசாகத் திறந்தும் இருக்கிறது. அதற்குப் பிறகும் முழுதாக ஒரு விநாடி காத்திருக்கிறது. என் விரல் மேலிருந்துதான் போகிறது.

நான்கு முறை சொல்லியிருக்கிறது. நான் கேட்டது அந்தக் குனிந்த தலையை மட்டும்தான், அதுவும் நான் கேட்க விரும்பிய பொருளில். மகள் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, 'இங்க வேண்டாங்குது, இங்கயும் வேண்டாங்குது' என்று காட்டினாள். எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது.

இனி எப்படி ஆரம்பிப்பது?


நீலச்சிறகு எழுதியது:

அந்த வீடியோவை அழிக்காதீர்கள். இவ்வளவு தெளிவாக ஒரு கடியின் முன்கதையைப் பதிவு செய்து பார்த்தவர்கள் குறைவு. மகளுக்கு நல்ல கண்.

முதலில் தூரம். கூண்டை நோக்கி மெதுவாக, நேராக அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நடந்து போங்கள். கிளிக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன, ஒரு கண்ணாலேயே உங்களைப் பார்க்கும். இரண்டு கண்ணாலும் முறைத்துக்கொண்டு நேராக வருவது வேட்டையாடும் விலங்கின் நடை. கொண்டை செங்குத்தாகிற இடத்தில் நின்றுவிடுங்கள். அதுதான் இன்றைய எல்லை. அங்கேயே நின்று தணிந்த குரலில் ஏதாவது பேசுங்கள், அல்லது தரையில் உட்கார்ந்து புத்தகம் படியுங்கள். கொண்டை சாய்ந்து, இறகை ஒருமுறை உதறிவிட்டுக் கோத ஆரம்பித்ததும் நீங்கள் எழுந்து விலகிவிடுங்கள். அது சாந்தமானதும் நீங்கள் போகிறீர்கள். இது மிக முக்கியம். சீறினால்தான் போவார்கள் என்று கற்றுக்கொள்ளாமல், சும்மா இருந்தாலே தன் பேச்சு செல்லும் என்று கற்றுக்கொள்ளும். எல்லை நாளுக்கு நாள் சுருங்கும். சில நாள் மறுபடி விரியும், அதற்காகச் சோர்ந்து போகாதீர்கள்.

அப்புறம் தினைக்கதிர் (இங்கே எழுதியவர் அல்ல, தானியம்). நீளமான காம்போடு பிடித்து, கம்பிக்கு வெளியிலிருந்தே கொடுங்கள். அது ஒரு மணி கொத்துவதற்காக எட்டினால் போதும். காம்பை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறையுங்கள். கை எப்போதும் மார்புக்குக் கீழிருந்து வரட்டும். தலைக்கு மேலிருந்து வருவது பருந்து.

விரலில் ஏறச் சொல்லும் நாள் வரும்போது ஒன்று நடக்கும், இப்போதே சொல்லி வைக்கிறேன். ஏறுவதற்கு முன்னால் அலகால் உங்கள் விரலைப் பிடித்துப் பார்க்கும். இது கடி இல்லை. கிளிக்கு அலகு மூன்றாவது கால் மாதிரி. காலை வைக்கும் கிளை அசையாமல் தாங்குமா என்று சோதிக்கிறது. கொண்டை இயல்பாக இருக்கும், அழுத்தம் மெதுவாக இருக்கும். அந்த நேரத்தில் பயந்து கையை இழுத்தால், இந்தக் கிளை ஆடும் என்று முடிவு செய்துவிடும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

தோளைப் பற்றி. மகளுக்கு ஆசை இருப்பது புரிகிறது. ஆனால் தோளில் இருக்கும் பறவையின் கொண்டையை அவளால் பார்க்க முடியாது, பொட்டு 'வேண்டாம்' என்று சொன்னால் கேட்க முடியாது. கண்ணுக்கும் காதுக்கும் பக்கத்தில் அலகு. கையில், முன்னங்கையில் உட்காரப் பழகி, இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்ட பிறகு பார்க்கலாம். அதுவரை அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: தினமும் பத்து நிமிடம் பொட்டைக் கவனித்து, கொண்டையை நோட்டில் வரையட்டும். வீடியோவில் அவள் பார்த்ததை நீங்களே சொன்னீர்களே.


செவ்வால் எழுதியது:

நான் வளர்ப்பது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. இங்கே ஒரு எச்சரிக்கை மட்டும். இணையத்தில் 'கிளியின் உடல்மொழி' என்று பார்க்கும் வீடியோக்களில் பாதி அமேசான், மக்கா, சாம்பல் கிளி போன்ற வேறு கிளி இனங்களைப் பற்றியவை. அதில் கண்மணி சுருங்கி விரிவதைப் பற்றி நிறையச் சொல்வார்கள். பறவைகளால் கண்மணியைத் தாமாகவே சுருக்கி விரிக்க முடியும், எங்கள் வீட்டுக் கிளிக்குக் கண் வெளிர் மஞ்சள் என்பதால் அது பளிச்சென்று தெரியும். பிடித்த ஆளைப் பார்த்தாலும் அப்படிச் செய்யும், கடிக்கப் போகும் முன்னும் அப்படிச் செய்யும். பொட்டின் கண் கருமை, அதில் இதைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம்தான் வீணாகும். எங்கள் கிளிக்குக் கொண்டை இல்லை, அதனால் நான் பிடரி இறகையும் கண்ணையும் நம்பித்தான் இருக்கிறேன். உங்களுக்குக் கொண்டை இருக்கிறது.

மக்கா வளர்ப்பவர்கள் கன்னத்துத் தோலைப் பார்ப்பார்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நீல மஞ்சள் மக்காக்களிடம், பழகிய பராமரிப்பாளர் முகம் பார்த்துப் பேசும்போது வெறும் தோலாக இருக்கும் கன்னம் சிவப்பதைக் கவனித்து எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் அகராதி வேறு. ஒரே இனத்திலும் ஒவ்வொரு பறவைக்கும் சில சொந்தச் சொற்கள் உண்டு. நீங்கள் நோட்டு எழுதுவதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.


தினைக்கதிர் எழுதியது:

அந்த இரவு 2 மணி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. காக்டீல்களுக்கு இது அடிக்கடி வரும், இருட்டில் திடீரென்று மிரண்டு பறக்கப் பார்க்கும். ஒரு நிழல், ஒரு பூச்சி, தெருவில் போகும் வண்டியின் வெளிச்சம் எது வேண்டுமானாலும் காரணமாகலாம். முழு இருட்டில் எந்தப் பக்கம் கம்பி என்று அதற்குத் தெரியாது, அதனால்தான் மோதிக்கொள்கிறது. சின்ன இரவு விளக்கு ஒன்றை எரிய விடுங்கள். கூண்டைத் துணியால் மூடுவீர்கள் என்றால் ஒரு பக்கத்தைத் திறந்தே வையுங்கள். மறுபடி நடந்தால் உடனே பளீரென்று பெரிய விளக்கைப் போட வேண்டாம், முதலில் குரல் கொடுங்கள், மெல்லப் பேசிக்கொண்டே கிட்டே போங்கள். கையை உள்ளே விட வேண்டாம்.

கழன்று விழுந்த வால் இறகு மறுபடி முளைக்கும். ஆனால் முளைக்கும்போது அதன் தண்டுக்குள் ரத்தம் ஓடும். அந்தச் சமயத்தில் முறிந்தால் விடாமல் ரத்தம் வரும். அப்படி வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். காத்திருக்கக் கூடாது.


பறவைப்பிரியன் எழுதியது:

நீலச்சிறகு எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் பறவை கையில் உட்காரும், ஆனால் ஒருபோதும் தலையைக் குனிந்து பிடரியைக் கொடுத்ததில்லை. ஆறு வருடம் ஆகிறது. அதன் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன். சில சமயம் எந்தக் காரணமும் இல்லாமல் கடிக்கிறது என்றும் நினைத்திருந்தேன். இத்தனை வருடம் கழித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க முடியுமா?


நீலச்சிறகு எழுதியது:

பறவைப்பிரியன், முடியும். காக்டீல் 15, 20 வருடம் வாழும் பறவை, உங்களுடையதற்கு நடு வயதுகூட ஆகவில்லை. தூறலுக்குச் சொன்ன அதே வழிதான். கூண்டிலிருந்து தூரத்தில் ஆரம்பியுங்கள், கையுறையை அது பார்க்காத இடத்தில் வைத்துவிடுங்கள். வேகம் மட்டும் இன்னும் குறைவாக இருக்கும். இதை இங்கே எழுதியதற்கு நன்றி.

தூறல், உங்களுக்கு ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பயமும் கோபமும் சத்தமாகத் தெரியும். நோய் தெரியாது. காட்டில் நோயைக் காட்டிய பறவையைத்தான் பருந்து முதலில் பார்க்கும். அதனால் கிளிகள் முடிந்தவரை மறைக்கும். மறைக்க முடியாமல் வெளியே தெரியும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும்.

என் முதல் காக்டீலின் பெயர் சீனு. ஒரு வியாழக்கிழமை காலை அது உடம்பை உப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. குளிருகிறது போல, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். பகலிலும் அப்படியே இருந்தது. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டே கண்ணை மூடியது. வால் மேலும் கீழும், மேலும் கீழும் ஆடியது, மூச்சின் தாளத்துக்கு. இவை எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அவற்றுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சனிக்கிழமை மாலை மருத்துவரிடம் போனபோது நேரம் கடந்துவிட்டது. 13 வருடம் ஆகிறது. இப்போதும் உப்பி உட்கார்ந்த பறவையை எங்கே பார்த்தாலும் முதலில் அதன் வாலைத்தான் பார்க்கிறேன்.

உப்பிக்கொள்வது தனியாகத் தப்பில்லை. தூங்கும்போது, குளித்த பின், இறகு கோதும் முன் எல்லாம் உப்பும், ஒரு உதறலோடு பழைய நிலைக்கு வரும். பகலில் மணிக்கணக்காக உப்பியே இருப்பதும், சாப்பாட்டில் ஆர்வம் குறைவதும், எச்சத்தின் எண்ணிக்கை குறைவதும் வேறு. வால் ஆட்டமும் அப்படித்தான். பறந்து வந்து உட்கார்ந்ததும் சில நொடி ஆடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஆடினால், மூச்சுவிடவே பாடுபடுகிறது என்று பொருள். நமக்கு இருப்பதுபோல் மூச்சை இழுக்கும் உதரவிதானம் பறவைக்கு இல்லை, மார்பெலும்பையும் விலாவையும் அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. அந்தப் பாடுதான் வாலில் தெரிகிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் இன்னும் அவசரம். அப்போது 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று ஒரு நாளும் நினைக்காதீர்கள்.

இதற்கு நான் நம்பும் கருவி சமையலறைத் தராசு. கிராம் கணக்கில் காட்டும் தராசின் மேல் ஒரு கட்டையைப் பொருத்தி, தினம் காலையில் முதல் தீனிக்கு முன்னால் நிறுக்கிறேன். வளர்ந்த காக்டீல் பொதுவாக 80 முதல் 110 கிராமுக்குள் இருக்கும். ஆனால் அந்த எண்ணைவிட, உங்கள் பறவையின் வழக்கமான எடை என்ன, அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதுதான் முக்கியம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நான் யோசிக்காமல் மருத்துவரிடம் போகிறேன். இறகு எல்லாவற்றையும் மறைத்துவிடும், எடையை மட்டும் மறைக்க முடியாது. பொட்டு கைக்கு வந்ததும் தராசைப் பழக்குங்கள். பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் யார் என்று இப்போதே விசாரித்து, எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை.


தூறல் எழுதியது:

இன்று 34ஆம் நாள். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன்.

இரவு விளக்கு வைத்த பிறகு ஒரே ஒருமுறைதான் மிரண்டது. நான் இருட்டிலேயே 'பொட்டு, பொட்டு, நான்தான்' என்று சொல்லிக்கொண்டே போனேன், கட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முதலில் நான் நின்ற எல்லை ஆறடி. ஒரு வாரத்தில் மூன்றடி ஆனது. அப்புறம் ஒருநாள் நான் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன், திரும்ப ஏழடி ஆகிவிட்டது. துண்டை அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

20ஆம் நாள் காம்பு விரல் நீளத்துக்கு வந்தது. 26ஆம் நாள் விரலை அலகால் பிடித்துப் பார்த்தது. நீங்கள் முன்னாலேயே சொல்லியிருந்ததால் கையை இழுக்கவில்லை, மூச்சைக்கூட விடாமல் நின்றேன். ஏறி உட்கார்ந்தது! மறுநாளிலிருந்து தராசு. இன்றைக்கு 88 கிராம். மகளின் நோட்டில் 61 கொண்டைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் கீழும் நேரமும் அப்போது என்ன நடந்தது என்பதும் எழுதியிருக்கிறாள். நான் கவனிக்காத ஒன்றை அவள் கண்டுபிடித்தாள்: தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் பொட்டின் கொண்டை நிமிரும், இறக்கைகளை லேசாக விரித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். அதனால் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தோம். குளித்தது, அறை முழுக்கத் தெறித்தது.

இன்று மாலை நடந்தது இது. பொட்டு என் முன்னங்கையில் உட்கார்ந்திருந்தது. கொண்டை பாதி சாய்ந்திருந்தது. கன்னத்து இறகு உப்பி, ஆரஞ்சு வட்டம் பெரிதாகத் தெரிந்தது, அலகின் நுனி மட்டும்தான் வெளியே. தலையைக் குனிந்தது. நான் விரலை நீட்டவில்லை. மகள் பக்கத்திலிருந்து, 'அம்மா, பிடரிம்மா, பிடரியைத்தான் காட்டுது' என்று கிசுகிசுத்தாள். பிடரி இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. விரலைக் கீழிருந்து, பக்கவாட்டில், மெதுவாகக் கொண்டு போனேன். கன்னத்துக்குப் பின்னால், காது இருக்கும் இடத்தில், இறகு முளைத்த திசையிலேயே இரண்டு முறை வருடிவிட்டு நிறுத்தி விரலை எடுத்துவிட்டேன், வேண்டுமா வேண்டாமா என்று அதுவே சொல்லட்டும் என்று.

கண்ணைத் திறந்து என்னை ஒருமுறை பார்த்தது. பிறகு தலையை இன்னும் தாழ்த்தி, என் விரலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்துக்கொண்டது.